சிக்கனமான சீர்திருத்தம்

(ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் தையற்கடைத் தோழர் ஒருவர் பேசியது)



மணமக்களை வாழ்த்தி இரண்டொரு வார்த்தை சொல்லும்படி தலைவர் கட்டளையிட்டார். நான் மேடைப் பிரசங்கியல்ல. நாற்பது வருஷமாய்த் தையல் மிஷின் மிதிக்கிறவன். ஆதலால் என் வீட்டில் நடந்த ஒரு சங்கதியை மாத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். அது எனக்குப் பெருமையளிக்கக் கூடிய சங்கதியுமல்ல.

இன்று இங்கே புரோகிதர் இல்லை, ஓமப் புகை இல்லை, நமக்கு விளங்காத மந்திரம் இல்லை. இவ்விதத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று 1967 இல் நம் சட்டசபை சட்டம் செய்தது. அதற்கு முன் நடந்தவைகளும் செல்லும் என்று அதிலேயே சொல்லிற்று. என் கலியாணமும் 1988 இல் இப்படித்தான் நடந்தது. அன்று முதல் நானும் ஒரு சீர்திருத்தக்காரன் என்று மார் தட்டிக் கொண்டுதான் திரிந்தேன்.

ஆனால் தோழர்களே, புரோகிதரை விலக்கியதில் எனக்கு நஷ்டம் என்ன? ஒன்றுமில்லை. தட்சணை மிச்சம், நெய் மிச்சம், இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு மிச்சம். பணம் மிச்சமாகிற சீர்திருத்தத்திற்கு நாமெல்லோரும் சூரர்கள்தான். பணம் கைவிட்டுப் போகிற சீர்திருத்தம் வந்தால் அல்லவா நம் யோக்கியதை தெரியும்?

எனக்கு ஒரே ஒரு தங்கை. 1984 இல் அவளைக் கட்டிக் கொடுத்தோம். என் தகப்பனார் தாமே சம்பாதித்து வாங்கிய இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு வீடும் வைத்துவிட்டு 1993 இல் காலமானார். உயில் எழுதவில்லை. மறுவருஷம் நான் தங்கையை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். "எங்கே அண்ணா கையெழுத்து?" என்று கேட்டாள், காட்டின இடத்தில் போட்டாள். தாயார் கைரேகை வைத்தார்கள். அது விடுதலைப் பத்திரம். திரும்பும்போது அவளுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். ஒரு பங்குக்கு ஒரு சேலை! எந்தப் புரோகிதரும் இவ்வளவு லாபமாய் யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார்.

பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 இல் செங்கற்பட்டில் கூடிய மகாநாட்டில் தீர்மானம் செய்தார்கள். 1956 இல் வந்த இந்து வாரிசுச் சட்டம், தகப்பன் சுயார்ஜிதச் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்றது. பூர்வீகச் சொத்திலும் பங்குண்டு என்று நம் மாநிலத்தில் 1989 இல் சட்டமாயிற்று; ஆனால் அதற்கு முன் கலியாணமானவர்களை விலக்கி வைத்தது. அந்த விலக்கும் 2005 இல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தத்தால் நீங்கிற்று. ஆண் வாரிசுகள் பிரித்துக் கொள்ளச் சம்மதிக்கும் வரையில் குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்கக் கூடாது என்ற விதியும் அந்த வருஷமே ஒழிந்தது. ஆகவே நான் கையெழுத்து வாங்கிய நாளிலேயே என் தங்கையின் பாத்தியதைக்கு வயது முப்பத்தெட்டு! சட்டம் டில்லியிலிருந்து ரிஜிஸ்டர் ஆபீஸ் வரை வந்துவிட்டது. அண்ணன் வீட்டு வாசற்படியைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை.

"சீர் செய்தோமே, நகை போட்டோமே" என்று சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். அந்த நகை யாருக்குப் போயிற்று? இரண்டே வருஷத்தில் மாப்பிள்ளையின் கடனுக்குப் போயிற்று. வரதட்சணை கூடாதென்று 1961 இலேயே சட்டம் வந்திருக்க, குற்றமான ஒன்றைச் செய்துவிட்டு அதையே பங்குக்கு ஈடாகக் கணக்குக் காட்டுவது என்ன நியாயம்?

"பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அற்றுப்போகும்" என்றும் சொல்வார்கள். அண்ணனும் தம்பியும் பிரித்துக் கொண்டால் அதற்குப் பெயர் பாகப்பிரிவினை. தங்கை வாய் திறந்தால் மாத்திரம் குடும்பக் கலகமா? ஒரு கையெழுத்தில் தொங்குகிற உறவு உறவுதானா?

நிற்க. 2006 இல் தங்கை புருஷன் இறந்து போனான். பிள்ளையுடன் வந்து என் கடையிலேயே காஜா எடுத்து, பட்டன் கட்டினாள். சனிக்கிழமை தோறும் கூலி கொடுத்தேன். பார்த்தவர்கள் என்னைத் தர்மவான் என்றார்கள், நானும் நம்பினேன். ஒருநாள் கூலியை எண்ணிக் கொண்டே, "அண்ணா, அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டேனே, அது எதற்கு?" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை, தெரியாததைக் கேட்கிறவள் போல் கேட்டாள். பெண்ணுரிமைக் கூட்டங்களுக்கெல்லாம் முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்த எனக்கு அதற்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

அதற்குப் பிறகும் வருஷங்கள் கடத்தினேன் என்பதையும் ஒப்புக் கொள்ளுகிறேன். சென்ற வருஷந்தான் ஒரு ஏக்கரையும் வீட்டில் பாதியையும் அவள் பேருக்கு எழுதி வைத்தேன். பத்திரம் எழுதுகிறவர் வழக்கம் போல, "தங்கள்மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று வாசித்தார். எனக்கு வெட்கமாயிருந்தது. எடுத்ததைத் திருப்பி வைப்பதற்கு அன்பென்றும் பிரியமென்றும் பெயரா? இதை யாரும் கை தட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் இத்தனை வருஷம் கட்டின பட்டன்களுக்கு நான் எந்தப் பத்திரத்தில் கணக்குத் தீர்ப்பேன்?

மணமகளே! படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. நீட்டுகிறவர் அண்ணனானாலும் சரி, புருஷனானாலும் சரி. முன் வரிசையில் இருக்கிற மணமகளின் அண்ணன்மாரே! தங்கைக்குப் பரிசு கொடுக்க விரும்பினால் பத்திரங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். மணமகனே! உன் தங்கையும் இங்கேதான் பந்தி விசாரித்துக் கொண்டிருக்கிறாள், அவளையும் மறவாதே.

புரோகிதர் இல்லாத மணம் பாதிச் சீர்திருத்தம். மீதிப் பாதி உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதையும் திறந்து முழுமையாக்க வேண்டுமென்று கேட்டுக் கொண்டு, மணமக்கள் சமமாய் வாழ வாழ்த்தி முடித்துக் கொள்ளுகிறேன்.