இரண்டு பணி ஆணைகள்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவது மரபு. நமக்கு முன் பேசியவர்கள் அதனைக் குறைவறப் பேசிவிட்டனர். ஆகவே நாம் கல்வி முடிந்தபின் வரும் ஒரு சங்கடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம். வேலை கிடைக்காத சங்கடம் நமக்குப் பழகியது; அதனைச் சொல்லவில்லை. இரண்டு வேலைகள் ஒருங்கே வந்து, எதனை ஏற்பது என்று திகைக்கும் சங்கடம் அது. நம் தெருவில் இதற்குமுன் எவருக்கும் அத்தகைய திகைப்பு வந்ததாக நினைவில்லை.

நம் சங்கத்தின் மாலை வகுப்பில் படித்த தம்பி ஒருவர் விமானி உரிமம் பெற்றிருப்பதை நீங்கள் அறிவீர்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; சொல்லவில்லை. தந்தையார் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை சுமப்பவர். 2018 மார்ச்சில் சென்னைக்கும் சேலத்திற்கும் இடையே ட்ரூஜெட் விமானம் பறக்கத் தொடங்கியபோது, காமலாபுரத்தில் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்த பள்ளிப் பிள்ளைகளுள் இவரும் ஒருவர். இயற்பியலும் கணிதமும் எடுத்துப் படித்து வந்தமையால் பயிற்சியில் சேர முடிந்தது.

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அந்த 200 மணி நேரத்தின் விலை, மண்டியில் ஓர் ஆயுள் முழுவதும் மூட்டை சுமந்தாலும் ஈடாகாதது. ஏழரை இலட்சத்திற்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கும். தாய்மாமன் தம் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். உரிமம் கைக்கு வந்தது. வேலை ஈராண்டு வரவில்லை. வட்டி மட்டும் தவறாமல் வளர்ந்தது.

பின்னர் ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்களிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டும் சிறு நகரங்களை இணைக்கும் வட்டார விமான நிறுவனங்கள். இரண்டிலும் ஏ.டி.ஆர். 72 என்னும், ஏறத்தாழ எழுபது பேர் அமரும், விசிறி சுழலும் விமானமே. ஜெட் விமானம் இல்லையா என்று தெருவில் சிலர் முகம் சுளித்தனர். ஈராண்டு வேலையின்றி இருந்த பிள்ளையிடம் அப்படிக் கேட்க எப்படித்தான் மனம் வந்ததோ!

இவ்விடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். உரிமம் இருப்பினும், விமானத்தின் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சியும் தனித் தகுதியும் வேண்டும். அதனை டைப் ரேட்டிங் என்பர். ஏ.டி.ஆருக்குப் பெற்ற தகுதியைக் கொண்டு ஏர்பஸ் ஓட்ட இயலாது. அந்தப் பயிற்சிக்கும் பல இலட்சம் செலவாகும். அதனை யார் ஏற்பது என்பதில்தான் இரண்டு கடிதங்களும் வேறுபட்டன.

முதல் நிறுவனம் புதியது. பயிற்சிச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகவும், நல்ல ஊதியம் தருவதாகவும், விரைவில் கேப்டன் ஆக்குவதாகவும் எழுதியிருந்தது. அதற்கு ஈடாக ஐந்தாண்டு பணிபுரிய ஒரு பாண்டு, இருவர் ஜாமீன், தொகை எழுதாத மூன்று காசோலைகள். இரண்டாவது நிறுவனம் பழையது. ஊதியம் குறைவு, பயிற்சிச் செலவில் பாதியை மாதந்தோறும் ஊதியத்தில் பிடித்துக்கொள்ளும், பாண்டு மூன்றாண்டு.

நிருவாகக் குழுவில் ஐவர் அமர்ந்து ஆராய்ந்தோம். நால்வர் முதல் நிறுவனமே என்றோம். வெட்கத்தை விட்டுச் சொல்கின்றோம், அந்நால்வருள் நாமும் ஒருவர். கடன்பட்ட வீட்டிற்கு அதிக ஊதியமே நல்லது என்பது நம் கணக்கு. அப்போது தம்பி பணிவாக ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, அந்த நிறுவனம் பறக்கும் ஊர்களுக்கு மானியம் எத்தனை ஆண்டு என்று பார்த்தீர்களா?"

நாம் பார்க்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே அறியோம். அவர்தாம் விளக்கினார். சிறு நகரங்களுக்கு விமானம் விட மத்திய அரசு 2016இல் உடான் என்னும் திட்டத்தை அறிவித்தது. அதன் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது. ஏலத்தில் வழித்தடம் பெறும் நிறுவனத்திற்கு, பயணச்சீட்டு வருவாயால் கட்டாத இழப்பை ஈடுசெய்ய மானியம் கிடைக்கும். அவ்வழியில் வேறு எவரும் போட்டியிடாத உரிமையும் கிடைக்கும். பொதுவாக மூன்றாண்டுக்குத்தான். அதன்பின் அவ்வழித்தடம் தன் காலில் நிற்க வேண்டும். முதல் நிறுவனத்தின் வழித்தடங்களுள் பெரும்பாலானவை மானியத்தில் ஓடுபவை. "மானியம் மூன்றாண்டு, பாண்டு ஐந்தாண்டு. நடுவில் உள்ள இரண்டாண்டை நினைத்தால் உறக்கம் வரவில்லை ஐயா" என்றார் தம்பி.

அவர் அஞ்சியதில் பொருள் இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாரமவுண்ட் 2010இல் பறப்பதை நிறுத்தியது. பெங்களூருவின் ஏர் பெகாசஸ், தொடங்கிய மறு ஆண்டே, 2016இல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2017இல் நின்றது. வேலியோரம் நின்று தம்பி பார்த்தாரே, அந்த ட்ரூஜெட்டும் 2022இல் நின்றுவிட்டது. பெரியவையும் தப்பவில்லை: கிங்ஃபிஷர் 2012, ஜெட் ஏர்வேஸ் 2019, கோ ஃபர்ஸ்ட் 2023. நிறுவனம் நின்றால் துணை விமானிக்கு ஊதியம் மட்டுமா போகும்? அவர் பெற்ற தகுதி ஏ.டி.ஆருக்கு உரியது, நாட்டில் ஏ.டி.ஆர். இயக்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

விரைவில் கேப்டன் ஆகலாம் என்ற உறுதிமொழியையும் எடைபோட்டோம். கேப்டன் பொறுப்பிற்குரிய மேல் உரிமம் பெற 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஓராண்டில் 1000 மணிக்கு மேல் எவரும் பறக்க விதி இடந்தராது. கைவிரல் அளவே விமானங்கள் உள்ள நிறுவனத்தில் ஒன்று பழுதுபார்ப்பில் நின்றால் புதிய துணை விமானி தரையில் அமர்ந்திருப்பார். விமானம் எழுந்தால்தானே மணி சேரும்?

அன்றிரவு இரண்டு ஒப்பந்தங்களையும் நம் இல்லத்தில் வைத்து வரிவரியாகப் படித்தோம். விமானத்தைப் பற்றி நமக்குத் தெரியாது. எழுத்தைப் படிக்கத் தெரியும். நம் பாட்டனார் பண்ணையில் வாங்கிய சொற்பக் கடனுக்குத் தாம் படிக்க இயலாத தாளில் கைநாட்டு வைத்தார்; அதனை நம் தந்தையார் உழைத்துத் தீர்த்தார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. அந்தத் தாளும் இந்த ஒப்பந்தமும் ஒன்றென்று நாம் சொல்லமாட்டோம். இது விரும்பிச் செய்துகொள்வது. நிறுவனம் செலவழித்த பணத்திற்குப் பாதுகாப்புத் தேடுவதும் நியாயமே. ஆயினும் படிக்காமல் ஒப்பமிட்டால், எம்.ஏ. படித்தவன் ஒப்பமும் கைநாட்டுத்தான்.

படித்ததில் கண்டது இது. முதல் ஒப்பந்தத்தில் ஐந்தாண்டுக் கணக்கு, சேரும் நாளிலிருந்து தொடங்கவில்லை. பயிற்சியெல்லாம் முடிந்து பயணிகளுடன் பறக்க விடுவிக்கப்படும் நாளிலிருந்து தொடங்கியது. நான்காண்டு உழைத்தபின் விலகினாலும் முழுத் தொகையும் கட்ட வேண்டும். நிறுவனமே மூடப்பட்டால் பாண்டு என்னாகும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. இரண்டாம் ஒப்பந்தத்தில் தொகை ஆண்டுதோறும் குறைந்தது.

பாண்டு நீதிமன்றத்தில் நில்லாது, அஞ்ச வேண்டாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அது தவறான துணிவு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி அலுவலர் மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எழுதிய தொகை முழுவதும் தானாகவே சேர்ந்துவிடாது, நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு கூறுவது உண்மை. ஆனால் அந்த நியாயத்தைப் பெற வழக்காட வேண்டும்; மண்டியில் மூட்டை சுமப்பவர் எத்தனை வாய்தாவிற்குப் போவார்? தொகை எழுதாத காசோலையோ இதனினும் கொடிது. அது பணமின்றித் திரும்பினால் சிறைத் தண்டனைக்குரிய குற்றவழக்காகவே மாறும்.

இரண்டாம் நிறுவனத்தையே ஏற்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது தம்பி. நாம் ஜாமீன் ஒப்பமிட்டோம்.

தாய்மாமன் ஒப்பவில்லை. "பிடித்தம் போக வருவது வங்கித் தவணைக்கே பற்றாது. என் வீடு ஏலத்திற்குப் போனால் சங்கமா வந்து மீட்கும்?" என்று கேட்டார். அவர் கேட்டது முறைதான். பதினெட்டு மாதங்களுக்குத் தவணையில் விழும் துண்டைச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து கடனாகக் கொடுப்பதென்று தீர்மானம் வந்தது. அதனை எதிர்த்து ஓர் அம்மையார் எழுந்தார். அந்தப் பணத்தில் பத்துப் பெண்பிள்ளைகள் கல்லூரிக் கட்டணம் கட்டலாமே என்றார். தீர்மானம் இரண்டு வாக்குகளில் நிறைவேறியது. அந்த அம்மையாருக்குச் சொல்ல இன்றுவரை நம்மிடம் தக்க விடை இல்லை.

முதல் நிறுவனம் இன்றும் நன்றாகவே பறந்துகொண்டிருக்கிறது. அதில் சேர்ந்த தம்பியின் நண்பர்கள் பயணிகளுடன் பறக்கத் தொடங்கிவிட்டனர். நம் தம்பி இன்னும் பயிற்சியில் இருக்கிறார். தாய்மாமன் இவ்விழாவிற்கு வரவில்லை; அழைப்பிதழை நாமே நேரில் கொண்டு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

ஒரு வேண்டுகோள். விமானியாகட்டும், ஐ.டி. நிறுவனத்தில் சேரும் தங்கையாகட்டும், வெளிநாடு செல்லும் வெல்டர் ஆகட்டும், பணி ஆணையில் ஒப்பமிடுமுன் அதன் நகலைச் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவிட்டு வாராதீர்கள். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணி முதல் சங்கக் கட்டடத்தில் இருப்போம். ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவரும் உடன் அமர இசைந்திருக்கிறார். மூக்குக் கண்ணாடி அணிவோர் அதனையும் கொண்டு வாருங்கள்; ஒப்பந்தங்களில் எழுத்து மிகச் சிறிது.