குதிரை மாற்றிய கதை
(கொள்ளேகாலில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் குறளின் திறம் பற்றியோ சிலம்பின் சுவை பற்றியோ பேசுதல் மரபு. யாம் பேச எடுத்துக்கொண்டதோ, பேஸ் கித்தார் என்னும் மின்னிசைக் கருவியின் குதிரை. இப்பொருளை எமக்குத் தந்தது நம் சங்கமே ஆகும்.

சென்ற ஆண்டு இதே மேடையில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நம் பிள்ளைகள் பாடினார்கள். பேஸ் கித்தார் தாழ்ந்த இடத்தில் சுருதியோடு ஒத்திருந்தது. வாசித்தவனின் விரல் மேல்மெட்டுகளுக்குச் சென்றதும் ஒலி விலகிற்று. பிள்ளைகள் திகைத்தனர். ஒரு சிறுமி பாதியிலேயே பாட்டை நிறுத்திவிட்டாள். பின்னர்க் கூடிய செயற்குழுவில், "அக்கருவியை விற்றுவிடுங்கள், ஆர்மோனியமும் தபலாவும் நமக்குப் போதும்" என்றார் பெரியவர் ஒருவர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அதனை வாசித்த பதினாறு வயது இளைஞன் அன்றுமுதல் சங்கத்திற்கு வரவில்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் அவன், வீட்டிற்கு வெளியே தமிழ் பேசியது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் பயிற்சியில்தான். கருவி போனால் அவனும் போவான் என்று யாம் அஞ்சினோம். ஆகவே குறை கருவியில் எங்கே உள்ளது என்று காண முற்பட்டோம்.

குதிரை என்பது நமக்குப் புதிய சொல் அன்று. வீணையிலும் வயலினிலும் தந்திகளைத் தாங்கி நிற்பது குதிரையே. பேஸ் கித்தாரின் குதிரை ஓர் உலோகத் தகடு. அதன்மேல் தந்திக்கு ஒன்றாகச் சிறு கட்டைகள் அமர்ந்திருக்கும். இவற்றை ஆங்கிலத்தில் சேடில் என்பர். சேணம் என்பது அதன் பொருள். குதிரையின்மேல் சேணம் அமர்வது பொருத்தந்தானே!

இச்சேணத்தின் பணிகள் மூன்று. தந்தியின் நீளத்தை வரையறுப்பது ஒன்று. மெட்டுகளின் மேல் தந்தி நிற்கும் உயரத்தை வரையறுப்பது மற்றொன்று. தந்திகளுக்கு இடையே இடைவெளியைக் காப்பது மூன்றாவது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கித்தார்கள் அந்த அளவையே பின்பற்றுகின்றன. தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். மெல்லிய தந்தி 98 முறை அதிரும். ஃபெண்டரின் முதற் குதிரையில் இரண்டு தந்திகளுக்கு ஒரு சேணமே இருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். 1957இல் நான்கு தந்திகளுக்கும் நான்கு சேணங்கள் வந்தன.

தந்தியின் நீளத்தில் நேர் பாதியில் விரல் வைத்தால் மேல் ஸ்தாயி பிறக்கும் என்பது கணக்கு. ஆயினும் மெட்டின்மேல் அழுத்தும்போது தந்தி சிறிது இழுபட்டு ஒலி உயர்ந்துவிடுகிறது. அதனை ஈடுசெய்யச் சேணத்தைச் சற்றே பின்தள்ளித் தந்தியை நீட்ட வேண்டும். தந்தி தடிக்கத் தடிக்க இவ்வீடும் மிகும். ஆகையால் நான்கு சேணங்களும் ஒரே வரிசையில் நில்லாமல் படிப்படியாக அமைவதே முறை.

நம் கருவியில் நிகழ்ந்தது என்ன? பழைய பொருளாக வாங்கப்பெற்றது அது. சேணங்களை நகர்த்தும் திருகாணிகள் துருவேறி இறுகிவிட்டன. தடித்த தந்தியின் சேணமோ தேய்ந்து தட்டையாகி, தந்தியோடு உரசிக் கரகரத்தது. பிள்ளையின் விரலிலும் பிழையில்லை, செவியிலும் பிழையில்லை.

இவ்விடத்தில் ஓர் அறிஞரை நினைவுகூர்தல் தகும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1921இல் நம் நாட்டுத் தந்திக் கருவிகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதினார். வீணையிலும் தம்புராவிலும் தந்தி கூரிய விளிம்பொன்றில் முடிவதில்லை; குதிரையின் வளைந்த பரப்பைத் தழுவிச் செல்கிறது. அதனால், கணக்கின்படி எழக்கூடாத மேற்சுரங்களும் அக்கருவிகளில் எழுகின்றன என்று அவர் காட்டினார். தம்புராவில் நாம் குதிரைமேல் நூலிட்டு வேண்டிப் பெறும் ரீங்காரம் அதுவே. பேஸ் கித்தாருக்கோ தந்தி தெளிவான ஒரு புள்ளியில் முடிதல் வேண்டும். ஒரு கருவிக்கு அழகாவது மற்றொன்றுக்குப் பிணியாகிறது.

நோய் இன்னதென அறிந்தோம். மருந்தில் தவறினோம். கனத்த குதிரையை மாட்டினால் ஒலி நெடிது நிற்கும் என்று கடையொன்றில் கூறினர். அதனை நம்பிப் பித்தளையில் செய்த கனத்த குதிரை ஒன்றை, அளவு பாராமலே வாங்கி வந்தோம். பழைய துளைகளும் புதிய துளைகளும் பொருந்தவில்லை. தகடும் தடித்ததாதலால் தந்திகள் மெட்டுகளினின்று மிக உயர்ந்து நின்றன. புதிதாகத் துளையிடத் துறப்பணத்தையும் கையில் எடுத்துவிட்டோம்.

அவ்வேளையில் மைசூருவிலிருந்து வந்திருந்த வீணை செய்யும் நண்பர் எம் கையைப் பற்றினார். மின்சாரக் கித்தாரை அவர் தொட்டதேயில்லை. "துளை போட்டபின் மரம் திரும்பி வராது, முதலில் நூல் பிடித்துப் பாருங்கள்" என்றார். கழுத்தின் தலைப்பிலிருந்து குதிரைவரை, இரு ஓரத் தந்திகளின் வழியே நூலை இழுத்துக் கட்டினோம். புதிய குதிரையைத் துளையிட எண்ணிய இடத்தில் அமர்த்தியிருந்தால் ஓரத் தந்தி கழுத்தை விட்டு விலகியிருக்கும் என்று கண்டோம். நாணினோம். அக்குதிரையைத் திருப்பிக் கொடுத்தோம். பழைய தகட்டை உடன் கொண்டுசென்று, அதே ஐந்து துளைகளும், தந்திக்குத் தந்தி அதே 19 மில்லிமீட்டர் இடைவெளியும் உடைய எளிய குதிரையை வாங்கினோம். அதன் விலையும் குறைவே.

மாட்டியபின் மற்றோர் இடையூறு. ஒலிபெருக்கியில் இணைத்ததும் பேரிரைச்சல்! குதிரையின் அடியில் மெல்லிய எர்த் கம்பி ஒன்று வருகிறது. தந்திகளையும் அவற்றைத் தொடும் விரலையும் மின்சுற்றின் தரையோடு சேர்ப்பது அதுவே. அஃது உலோகத்தைத் தொடாமல் மடங்கிக் கிடந்தது. நுனியைச் சுரண்டித் தகட்டின் கீழ் விரித்து வைத்தவுடன் இரைச்சல் அடங்கிற்று.

பின்னர்ப் புதுத் தந்திகளைப் பூட்டினோம். பன்னிரண்டாம் மெட்டின் நேரே தந்தியை மெல்லத் தொட்டு எழும் ஒலியையும், அங்கேயே அழுத்தி எழும் ஒலியையும் ஒப்பிட்டோம். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் சேணத்தைப் பின்தள்ளினோம், தாழ்ந்திருந்தால் முன்கொணர்ந்தோம். ஒவ்வொரு முறையும் தந்தியைத் தளர்த்தி, நகர்த்தி, மீண்டும் சுருதி கூட்டினோம். நான்கு தந்திகளுக்கும் ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

அம்மாலையில் அவ்விளைஞனையும் அழைத்திருந்தோம். முதலில் வாயிலிலேயே நின்றான். பின்னர்த் திருப்புளியை எம் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கடைசி இரண்டு தந்திகளைச் சரிசெய்தவன் அவனே. சற்றுமுன் நம் பிள்ளைகள் பாடியபோது கீழே நின்று தாங்கிய ஒலி அவனுடையது. சென்ற ஆண்டு பாதியில் நிறுத்திய சிறுமி இவ்வாண்டு முழுவதும் பாடினாள்.

அயல்நாட்டுக் கருவி நமக்கு எதற்கு என்று வினவலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குக் கொணர்ந்தார். இன்று அதனை அயல்நாட்டுக் கருவி என்போர் யார்? மேண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, மின்மேண்டலினில் கருநாடக இசையின் கமகங்களைப் பேசவைத்தார். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ், பாட்டின் அடியில் தனியே ஒரு மெட்டாக நடப்பதை நாம் அறியாமலே நெடுங்காலம் கேட்டிருக்கிறோம். கருவி எங்குப் பிறந்தது என்பதைவிட, நம் பாட்டின் சுருதியோடு அது நிற்கிறதா என்பதே கேள்வி.

நாம் வாழும் இவ்வூரையே எண்ணிப் பாருங்கள். 1956 நவம்பர் முதல் நாள்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது கொள்ளேகால். பின்னர் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. பெயர்ப்பலகைகளும் பள்ளிப் பாடங்களும் மாறின, மாறவேண்டியவையே. கன்னடத்தை அன்போடு கற்றோம், கற்பிக்கிறோம். வீட்டு மொழியை விடவில்லை. எதனை மாற்றுவது, எதனை அப்படியே வைப்பது என்பதை நூல் பிடித்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும் என்பதை அந்த வீணை நண்பரிடம் கற்றோம்.

ஒரு குறையைக் கண்டவுடன் கருவி முழுவதையும் எறிந்துவிட வேண்டா. புதியது என்பதற்காகக் கனத்ததைப் பூட்டவும் வேண்டா. பழைய குதிரையைத் துடைத்து எண்ணெயிட்டுச் சங்கத்தின் பெட்டியில் வைத்துள்ளோம். அதன் அளவு இல்லையேல் புதியதைப் பொருத்தியிருக்க முடியாது. என்றேனும் இன்னொருவர்க்கும் அவ்வளவு தேவைப்படும்.