எண்ணூரில் நின்று பொதுவுடைமையை எடைபோடுதல்



முதலாளித்துவத்துக்கு மக்களாட்சிப் பொதுவுடைமை மாற்றாகுமா என்ற கேள்வியை ராயபுரத்தில் கூடிக் கேட்பது பொருத்தம்தான். அயோத்தியாக்குப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர், 1923 மே 1 அன்று இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடித் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை அறிவித்தார். 1925 டிசம்பரில் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. போல்ஷ்விசம் ரஷ்யர் தமக்கென வகுத்துக்கொண்ட வடிவம், நம் பொதுவுடைமை வேறு என்பதை அந்தத் தலைமை உரையிலேயே சொல்லிவிட்டார். அந்த இடத்தைத் தாண்டி நாம் அதிக தூரம் போய்விடவில்லை. தோழர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

முதலாளித்துவத்தின் குறையை இந்தப் பகுதிக்கு எடுத்துச்சொல்ல ஆள் வேண்டாம். நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று அதே வேலையைப் பாதிக் கூலிக்குச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி இல்லாத வீடு திருவொற்றியூரில் குறைவு. நம் சிக்கல் மாற்றில்தான் இருக்கிறது. ஆலையை அரசுடைமை ஆக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்பி வந்தோம். எண்ணூர் அதற்குச் சாட்சி சொல்லாது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மணலியின் பொதுத்துறைச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரமெங்கும் படிந்தது. அதே மாதம் 26 ஆம் தேதி நள்ளிரவில் ஒரு தனியார் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். வலையில் ஒட்டியது அரசின் எண்ணெய், மூச்சில் ஏறியது தனியாரின் வாயு. கொசஸ்தலையாற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலும் அரசுடையதுதான்.

அப்படியானால் தொழிலாளரே ஆலையை நடத்தட்டும் என்பார்கள். யூகோஸ்லாவியா 1950 இல் அதற்குச் சட்டமே இயற்றியது. கேரளத்தில் 1925 இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் வேலை செய்யும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் நிர்வாகத்தில் நடக்கிறது. நான் இவற்றை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம் போகவில்லை. ஆலைத் தொழிலாளர் சபையில் வாக்கு வாயிலுக்கு உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான். கழிவை ஆற்றில் விட்டால் போனஸ் கூடும் என்ற நிலை வந்தால் அந்தச் சபை எந்தப் பக்கம் கை தூக்கும்? வாயிலுக்கு வெளியே இறால் பிடிப்பவருக்கும், காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணுக்கும் அங்கே நாற்காலி கிடையாது. அந்த நாற்காலியைப் போடாத பொதுவுடைமைக்கு மக்களாட்சி என்ற அடைமொழி வெறும் அலங்காரம்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டை உதாரணம் காட்டினாலும் சரி, அங்கே முடிவெடுத்த கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.