பிரிந்த அணியைக் கூட்டிய உழவர்
(ஆண்டு விழாவில் விளையாட்டுப் பரிசளிப்பின்போது ஆற்றிய உரை)

 

இம்மேடையில் கவிஞரைப் பற்றியும் தலைவரைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். அவர் நியூசிலாந்து நாட்டின் பிரையன் லாக்கோர். அவர் ஆடியது ரக்பி. அணிக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்து. பந்தை ஏந்தி முன்னே ஓடலாம். ஆனால் கையால் முன்னே எறியலாகாது. பின்னால் வரும் தோழனுக்கே கொடுக்க வேண்டும். பின்னால் ஆள் வருகிறான் என்ற நம்பிக்கையே அவ்வாட்டத்தின் உயிர்.

1940ஆம் ஆண்டு பிறந்த லாக்கோர், வைராரப்பா வட்டாரத்தில் ஆடு வளர்த்து வாழ்ந்த உழவர். ‘ஆல் பிளாக்ஸ்’ எனப்படும் தேசிய அணிக்கு 1966இல் தலைவரானார். அவ்வாண்டு பிரிட்டிஷ் லயன்ஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் வென்றார். 1967இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சென்ற அவரது அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பிற்று. தலைவராக ஆடிய 18 டெஸ்ட் ஆட்டங்களில் 15இல் வெற்றி கண்டார்.

ஓய்வு பெற்றபின் 1971இல் ஒருநாள் அவசர அழைப்பு வந்தது. ஆட்டக்காரர் பலர் காயமுற்றிருந்தனர். மறுநாள் டெஸ்ட் ஆட, மனைவியாருக்கு ஒரு துண்டுச் சீட்டு மட்டும் எழுதிவைத்து வெலிங்டனுக்குப் புறப்பட்டார். அவ்வாட்டத்தில் தோல்வியே கிடைத்தது. ஆயினும் அழைத்தபோது ‘நான் ஓய்வு பெற்றவன்’ என்று அவர் கூறவில்லை.

அவரது மெய்யான சோதனை பயிற்சியாளரான பின்னரே வந்தது. அக்காலத் தென்னாப்பிரிக்காவில் இனவொதுக்கல் ஆட்சி நடந்தது. அந்நாட்டோடு ஆட மறுத்து 1974இல் டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்தையே இந்தியா கைவிட்டதும், அவ்வணியில் நம் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்ததும் மூத்தோர் அறிவர். நியூசிலாந்தோ இப்பொருளில் இரண்டுபட்டது. 1981இல் தென்னாப்பிரிக்க அணி அங்கு வந்தபோது குடும்பங்களே பிளவுண்டன. 1985இல் தேசிய அணியின் பயணம் நீதிமன்றத் தடையால் நின்றது. 1986இல் பெரும்பாலான வீரர்கள் ‘கவலியர்ஸ்’ என்ற பெயரில் தாமாகவே சென்றனர். டேவிட் கிர்க், ஜான் கிர்வன் என்னும் இருவர் மறுத்தனர்.

சென்று திரும்பியோர்க்கு இரண்டு டெஸ்ட் ஆட்டங்கள் தடை. லாக்கோர் புதிய இளைஞர்களைத் திரட்டிப் பிரான்சை 18–9 என வென்றார். பின்னர், சென்றவரும் மறுத்தவரும் ஒரே சட்டையணிந்து 1987இல் முதல் உலகக் கோப்பையை ஆட வேண்டியதாயிற்று. மக்களோ அணிமீது கசப்புற்றிருந்தனர். லாக்கோர் செய்தது எளிய செயல். போட்டிக்காலத்திலேயே வீரர்களைத் தம் வைராரப்பாவுக்கு அழைத்துச் சென்று, விடுதியில் அல்லாமல் உழவர் குடும்பங்களின் வீடுகளில் தங்கவைத்தார். பெரிய வீரன், சிறிய வீரன் என்ற பேதமின்றி, உழவர் இல்லத்து மேசையில் அனைவரும் ஒன்றாக உண்டனர். மக்கள் மனம் இளகிற்று.

1987 ஜூன் 20. ஆக்லாந்து நகர் ஈடன் பார்க். இறுதியாட்டத்தில் பிரான்சை 29–9 என வென்றனர். கோப்பையைப் பெற்ற தலைவர், செல்ல மறுத்த கிர்க். அவர், காயத்தால் ஆட இயலாதிருந்த ஆண்டி டால்டனையும் அழைத்துக் கோப்பையைச் சேர்ந்து ஏந்தச் செய்தார். அந்த டால்டனே தென்னாப்பிரிக்கா சென்ற அணியின் தலைவர்! லாக்கோர் 1999இல் ‘சர்’ பட்டம் பெற்றார், 2019இல் மறைந்தார்.

அன்பர்களே! சென்றது சரியென்று லாக்கோரின் செயல் ஆகிவிடாது. தவறு தவறே. தவறியவனைத் திரும்பச் சேர்க்கும் வழியொன்றை அவர் அறிந்திருந்தார் என்பதே நாம் கொள்ளத்தக்கது. செயலாளர் யார், மேடையேறும் நாடகம் எது என்று நம் சங்கத்திலும் பிணக்குகள் எழுந்ததுண்டு. சில ஆண்டுகள் சிலர் வராமலும் இருந்ததுண்டு. ஊர்விட்டு வந்த நமக்கு, பின்னால் ஓடிவரும் தோழர் நாமே அன்றி வேறு யார்? வராதவர் வீட்டுக்கு நாளையே சென்று, ஒருவேளை உணவுக்கு அழைப்போமாக. இன்று பரிசு பெறும் பிள்ளைகளும், பெறாமல் நிற்கும் பிள்ளைகளும் அப்பந்தியில் அருகருகே அமரட்டும்.