பொருள் இல்லாத ஒலி

ஷேக்ஸ்பியரின் மாக்பெத் கதை உங்களுக்குத் தெரியும். அதனால் நேரே ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சிக்கு வருகிறேன். லேடி மாக்பெத் தூக்கத்திலேயே நடந்து வருகிறாள். கையில் இல்லாத ரத்தத்தைத் தேய்த்துக் கழுவுகிறாள். மருத்துவரும் பணிப்பெண்ணும் ஒதுங்கி நின்று பார்க்கிறார்கள்.

அவள் பேச்சினிடையே 'ஓ' என்ற ஒலி மூன்று முறை அச்சாகியிருக்கும். வகுப்பில் அந்த இடம் வரும்போதெல்லாம் கவனிக்கிறேன், மாணவர்கள் நிற்காமல் போய்விடுகிறார்கள். நோட்ஸ் எழுதுகிறவர்களும் அப்படித்தான். பொருள் சொல்ல அங்கே என்ன இருக்கிறது?

நடிகை ஜூடி டென்ச் அங்கேதான் நிற்கிறார். 1976-இல் ட்ரெவர் நன் இந்த நாடகத்தை ஸ்ட்ராட்ஃபோர்டில் 'தி அதர் ப்ளேஸ்' என்ற சிறிய அரங்கில் இயக்கினார். மாக்பெத்தாக இயன் மெக்கெல்லன், லேடி மாக்பெத்தாக டென்ச். தரையில் ஒரு வட்டம், அதைச் சுற்றி நடிகர்கள், வேறு ஆடம்பரம் இல்லை. 1979-இல் தொலைக்காட்சியில் வந்த அதன் பதிவைத்தான் நான் பார்த்தேன். அச்சில் மூன்றாக இருக்கும் அந்த ஒலி டென்ச்சிடம் நீண்ட, மெல்லிய ஓலமாகிவிடுகிறது. மெலிகிறது, இழுபடுகிறது, முடிந்தது என்று நினைத்தால் இன்னும் போகிறது. கேட்டுக்கொண்டிருந்த நான் மூச்சுவிட மறந்தேன். உடனே புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மருத்துவரின் அடுத்த வரியே அவளுடைய பெருமூச்சைப் பற்றியதுதான்! எத்தனையோ முறை படித்த வரி. அவர் எதைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்கிறார் என்பது டென்ச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

இப்போது பல கல்லூரிகளில் முழுப் படத்தையும் ஓட்டிவிட்டு, நாடகம் நடத்தி முடித்தாயிற்று என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஒரே ஒரு காட்சி போதும். முதலில் படியுங்கள், பிறகு பாருங்கள், மறுபடி படியுங்கள். மறுபடி படிப்பதற்காகத்தான் பார்ப்பது.

முடிந்தால் அதே காட்சியை இன்னொருவர் செய்ததையும் காட்டுங்கள். நான் காட்டுவது ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா மாக்பெத் கதையைத் தழுவி 1957-இல் எடுத்த 'த்ரோன் ஆஃப் பிளட்' படம். ஷேக்ஸ்பியரின் ஒரு சொல்கூட அதில் கிடையாது. ஜப்பானிய 'நோ' நாடக முகமூடி போல இறுகிய முகத்துடன், மனைவியாக வரும் இசுசு யமடா கை கழுவுகிறார். அதைக் கணவனே பார்த்துவிடுகிறான்.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், மூலத்துல மாக்பெத் இதைப் பார்க்கவே இல்லையே, அவன் எங்க?" அவன் போர்க்களத்துக்குப் போயிருக்கிறான். மூன்றாம் அங்கத்து விருந்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒன்றாக மேடைக்கு வருவதே இல்லை. வகுப்பு முழுவதும் அந்த விருந்துக் காட்சியின் முடிவைத் தேடிப் பின்னோக்கிப் புரட்டியது. நமக்குக் கேட்க அவள் அவனிடம் கடைசியாகப் பேசுவது அங்கேதான். உனக்குத் தூக்கமில்லை என்கிறாள். அடுத்து நாம் அவளைப் பார்ப்பது இந்தத் தூக்க நடையில்.