மாதிரி ஜெட் விமானமும் அதற்கேற்ற எஞ்சினும்
(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



இன்று நமக்குத் தரப்பட்ட பொருள், இத்தகைய விழாக்களில் வழக்கமாகப் பேசப்படும் பொருளன்று. மாலை வகுப்பு மாணவர் சிலர் சென்ற மாதம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தனர். அதில் மாதிரி ஜெட் விமானங்களுக்கான டர்பைன் எஞ்சின்களின் பட்டியல் இருந்தது. எண்களிலே மிகப் பெரிய எண்ணைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தனர். "ஐயா, இதுதானே சிறந்தது?" என்று கேட்டனர். அக்கேள்விக்கு உரிய விடையே இவ்வுரையாகும்.

நாம் விமானி அல்லோம். வாழ்நாளின் பெரும்பகுதியை லேத் இயந்திரத்தின் முன்னால் கழித்தோம். மாதிரி விமானம் செலுத்துவோர் சிலருக்கு உறுப்புகளைக் கடைந்து கொடுத்ததன் வாயிலாகவும், அவர்கள் பறக்கவிடும்போது உடனிருந்து பார்த்ததன் வாயிலாகவும் கிட்டிய அறிவே நம்முடையது. எனவே, பட்டறைக்காரரின் பேச்சாகவே இதைக் கேட்க வேண்டுகிறோம்.

'மாதிரி' என்ற சொல்லைக் கேட்டுப் பொம்மை என்று எண்ணிவிடலாகாது. இவற்றுட் பெரியவை இரண்டு மூன்று மீட்டர் நீளமும் இருபது கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடையவை. ஜெர்மனியில் பாலன்ஸ்டெட் என்னும் ஊரின் விமானத் தளத்தில் 2017ஆம் ஆண்டு ஒரு மாதிரி ஜெட், மணிக்கு 749 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஈவ் ரோசி என்பவர், மாதிரி விமானங்களுக்கென விற்கப்பட்ட ஜெட்கேட் எஞ்சின்கள் நான்கினைத் தம் முதுகிற் கட்டிய இறக்கையில் பொருத்திக்கொண்டு, 2008 செப்டம்பர் 26 அன்று பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவர் வரை ஆங்கிலக் கால்வாயைப் பத்து நிமிடத்துக்குள் கடந்தார். ஓர் ஆளையே சுமந்து கடல் கடந்த எஞ்சினைப் பொம்மை என்பது பொருந்தாது.

இவ்வெஞ்சின் எங்கே பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெருந்தொழிற்சாலைகளில் அன்று; சிறு பட்டறைகளில்தான். 1983இல் இங்கிலாந்தின் கிரீனம் காமன் என்னுமிடத்தில் ஜெரி ஜாக்மன் என்பவரின் குழுவினர், தாமே செய்த டர்பைனைக் கொண்டு மாதிரி விமானத்தைப் பறக்கச் செய்தனர். அதற்கு எரிபொருள் புரொப்பேன் வாயு. பின்னர், 1990களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் வீட்டிலேயே செய்யத்தக்க எஞ்சின் ஒன்றை வடிவமைத்து, செய்முறையை நூலாகவும் எழுதி வெளியிட்டார். அதன் காற்றழுத்தும் சக்கரம் எதனால் ஆனது தெரியுமா? ஒட்டுப்பலகையால்! பலகையிலே இதழ்களைச் செதுக்கி, கார்பன் இழையைச் சுற்றி வலுவூட்டியிருந்தார். வெப்பத்தைத் தாங்கவேண்டிய டர்பைன் சக்கரத்தை எஃகுத் தகட்டை வெட்டி, இதழ் இதழாக முறுக்கிச் செய்தார். இதனை முதன்முதலில் படித்தபோது நாம் நம்பவில்லை. வரைபடத்தைக் கண்ட பின்னரே நம்பினோம். அடுத்து வந்தோர், கார், லாரிகளின் டர்போசார்ஜரில் உள்ள அலுமினியச் சக்கரத்தை எடுத்துப் பயன்படுத்தினர். எஞ்சினின் வெளியுறைக்கு, முகாம் அடுப்பின் எரிவாயுக் குப்பியை வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. இன்று கடையில் வாங்கும் எஞ்சின்கள் அந்தப் பட்டறை எஞ்சின்களின் வழிவந்தவையே.

இது வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முன்புறச் சக்கரம் காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்திய காற்று எரியறையுட் புகுந்து மண்ணெண்ணெயுடன் எரிகிறது. விரிந்த வெப்பக் காற்று பின்புறத்து டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறுகிறது. இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இருப்பதால், பின்சக்கரம் சுழன்றால் முன்சக்கரமும் சுழலும். தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குத் தனி எண்ணெய் கிடையாது. எரிபொருளிலேயே நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு எண்ணெயைக் கலந்துவிடுவர். கணக்கும் எளிது. விநாடிக்கு 400 கிராம் காற்றை விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளினால், 0.4ஐ 400ஆற் பெருக்க, 160 நியூட்டன் உந்துவிசை கிடைக்கும். பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும் விசை. பட்டியலில் எஞ்சின் பெயரோடு வரும் 180, 220, 400 முதலிய எண்கள் பெரும்பாலும் இந்த நியூட்டன் அளவையே ஏறக்குறையக் குறிப்பன.

இனி, நம் தொழில் சார்ந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். இதோ மேசைமீதுள்ள பழைய டர்போசார்ஜர் சக்கரத்தைப் பாருங்கள். விட்டம் 66 மில்லிமீட்டர். இது நிமிடத்துக்கு 1,10,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்ளுங்கள். அப்போது விளிம்பின் வேகம் விநாடிக்கு 380 மீட்டர். ஒலியின் வேகத்தைவிட மிகுதி. அந்த விளிம்பில் ஒரு கிராம் உலோகம் இருந்தால், அது 440 கிலோவுக்கு மேற்பட்ட எடைபோல வெளிநோக்கி இழுக்கும். சக்கரத்துக்கும் அதன் மூடிக்கும் இடைவெளியோ கால் மில்லிமீட்டர் அளவுதான். சமநிலை சிறிது பிசகினால் என்னவாகும் என்பதைக் கடைசல் வேலை அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நாம் முன்பு வேலை செய்த ஒரு பட்டறையில் சாணைச் சக்கரம் ஒன்று சுழலும்போதே உடைந்தது. அதற்கு நேர் எதிரே நின்றவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் நின்ற நமக்கோ ஒரு கீறல் இல்லை. உடைந்த துண்டு, சக்கரம் சுழலும் தளத்திலேயே பறக்கும். டர்பைனுக்கும் அதே விதிதான். எஞ்சின் ஓடும்போது சக்கரத்தின் நேர்ப்பக்கத்தில் எவரும் நிற்கலாகாது. பின்னாலும் நிற்கலாகாது, அங்கே வரும் காற்றின் வெப்பம் 500 பாகைக்கு மேல். விமானத்தின் மூக்குப் பக்கமே நிற்கத்தக்க இடம். கரியமில வாயுத் தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். தூள் வகைத் தீயணைப்பானும் தீயை அணைக்கும்தான். ஆனால் அத்தூள் உள்ளே புகுந்தால் எஞ்சின் பாழாகும்.

இப்போது வட்டம் போட்ட எண்ணுக்கு வருவோம். இறக்கையும் உடலும் சக்கரங்களும் ரேடியோக் கருவிகளும் சேர்ந்து 16 கிலோ எடையுள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 180 நியூட்டன் வகை எஞ்சின் ஏறத்தாழ 1.6 கிலோ எடை. முழுவிசையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் குடிக்கும். ஆறு நிமிடத்துக்கும் கையிருப்புக்குமாக நாலரை லிட்டர் வைத்தால் 3.6 கிலோ. ஆக மொத்தம் 21.2 கிலோ. எடையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் உந்துவிசை இருக்கிறது. நல்ல ஓடுபாதை இருந்தால் இது தாராளம்.

அதே விமானத்தில் 400 நியூட்டன் எஞ்சினை வைத்தால் என்ன ஆகும்? எஞ்சின் மட்டும் மூன்றரைக் கிலோவைத் தாண்டும். நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடிக்கும். அதே ஆறு நிமிடத்துக்கும் கையிருப்புக்கும் பத்து லிட்டர், அதாவது எட்டுக் கிலோ, சுமக்கவேண்டும். மொத்தம் 27 கிலோவைக் கடந்துவிடும். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளில், கண்பார்வைக்குள் பறக்கவிடும் 'மாதிரி' விமானம் என்று கொள்வதற்கு 25 கிலோவே எல்லை. பெரிய எண்ணுக்கு வட்டம் போட்டவர் வரையறைக்கே வெளியே போய்விட்டார்! "பாதி விசையில்தான் ஓட்டுவேன்" என்பீர்களானால், பாதி விசையில் ஓடும் பெரிய எஞ்சினில் காற்றழுத்தம் குறைவதால் அதே வேலைக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் எண்ணுங்கள். விலையோ லட்சக்கணக்கில் ஏறும்.

எடையைவிட முக்கியமானது தரையிறக்கம். டர்பைன் எஞ்சினுக்குத் தயக்கம் உண்டு. பெட்ரோல் எஞ்சின் கையசைத்தவுடன் சீறும்; டர்பைனோ மிகக் குறைந்த ஓட்டத்திலிருந்து முழுவிசைக்கு வர மூன்று நான்கு விநாடி எடுக்கும். காற்று போதிய அளவு வருமுன் எரிபொருளைக் கொட்டினால் டர்பைன் இதழ்கள் உருகும். ஆதலால், எஞ்சினை ஆளும் மின்னணுக் கருவி, சுழற்சியையும் வெப்பத்தையும் பார்த்துப் பார்த்தே பம்பின் வேகத்தைக் கூட்டுகிறது. இது கருவியின் குறையன்று, காவல். ஆனால் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம் அந்த நான்கு விநாடியில் 100 மீட்டர் போய்விடும். தாழ்ந்துவிட்டதே என்று மரத்தருகில் வந்து விசையைக் கூட்டுபவர், விசை வருமுன் மரத்தைக் காண்பார். ஆகவே, தேர்ந்தவர்கள் இறக்கை மடல்களை இறக்கிக் காற்றின் தடையை மிகுவித்து, எஞ்சினை முற்றிலும் தணிக்காமல் சற்று ஓட்டத்திலேயே வைத்துக்கொண்டு இறங்குவர்.

பெரிய எஞ்சினில் மற்றொரு தொல்லையும் உண்டு. முற்றிலும் தணித்தாலும் அது சிறிது தள்ளிக்கொண்டே இருக்கும். 400 நியூட்டன் எஞ்சினின் அந்த மீதித் தள்ளல் 180 நியூட்டன் எஞ்சினுடையதைவிட மிகுதி. தரையில் அமரவேண்டிய விமானம் அமராமல் மிதந்துகொண்டே ஓடுபாதையின் கோடி வரை போகும். குறுகிய பாதையில் இதனால் வேலியைத் தொட்டு நின்ற விமானம் ஒன்றை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். மேலே ஏறும்போது அதைக் கைதட்டிப் பார்த்தவர்களில் நாமும் ஒருவர்.

அசல் விமானத்தில் இரண்டு எஞ்சின் என்றால் மாதிரியிலும் இரண்டு வேண்டுமா என்பது அடுத்த வினா. உடலுக்குள் எஞ்சின்கள் அடங்கியிருக்கும் போர் விமான மாதிரிகளிற் பலவற்றில், ஒரே எஞ்சினை நடுவில் வைத்து, இரண்டாகப் பிரியும் புகைக்குழாயின் வழியே இரு வாய்களிலும் காற்றை விடுகின்றனர். சிறிது விசை இழப்பு உண்டு. எனினும் ஓர் எஞ்சின் அணைந்து விமானம் ஒருபக்கமாகத் திரும்பும் ஆபத்து இல்லை. ஏ-10 போன்று எஞ்சின்கள் வெளியே தனிக்கூடுகளில் நிற்கும் விமானத்துக்கு இது இயலாது, அதற்கு இரண்டுதான். முதன்முறையாக டர்பைன் தொடுபவர் இரண்டு எஞ்சின் விமானத்தைத் தொடவேண்டாம் என்பது நமது கருத்து. அமெரிக்க மாதிரி விமானக் கழகம் டர்பைன் செலுத்துவோருக்குத் தனிச் சான்று வேண்டும் என்றும், வேகம் மணிக்கு 200 மைலைத் தாண்டலாகாது என்றும் விதித்திருப்பது காரணமின்றியன்று.

பறக்கும்போது எஞ்சின் அணைவதற்குப் பெருங்காரணம் எது என்று கேட்டால், பலர் எஞ்சினைக் குறை கூறுவர். பெரும்பாலும் அது எரிபொருட் குழாயில் வந்த ஒரு காற்றுக் குமிழிதான். தொட்டிக்கும் பம்புக்கும் இடையே குமிழியைப் பிடித்து நிறுத்தும் சிறு கலம் ஒன்றைப் பொருத்துவர். அதை நிரம்ப நிரப்பி, குழாயின் இணைப்புகளைக் கையால் இழுத்துப் பார்த்த பின்னரே எஞ்சினை மூட்டவேண்டும். எஞ்சின் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் இந்தக் கலத்துக்கும் நல்ல குழாய்க்கும் முதலில் எடுத்துவைக்கட்டும். தயாரித்தவர் குறித்த மணிக்கணக்கு ஆனதும், பல எஞ்சின்களுக்கு அது 25 மணி, பேரிங்கு மாற்ற அனுப்பவேண்டும், அதற்கும் செலவுண்டு.

இறங்கிய பின் எஞ்சினை நிறுத்தினாலும், துவக்கும் மோட்டார் தானே சுழற்றி உள்ளே குளிர்காற்றை ஊதும். வெப்பம் தணியும்வரை மின்கலத்தைக் கழற்றலாகாது. அந்த இடைவேளையில் தொட்டியிலே மீந்த எரிபொருளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாலரை லிட்டரில் ஒரு லிட்டருக்குக் குறைவாக மீந்திருந்தால், அடுத்த முறை கடிகாரத்தில் அரை நிமிடத்தைக் குறைத்து வையுங்கள்.

பட்டியலை எடுத்து வந்த தம்பிகள் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். அவர்களது விமானத்தின் எடை என்ன, கிடைக்கும் ஓடுபாதையின் நீளம் எவ்வளவு என்று இன்னும் நமக்குச் சொல்லவில்லை. சொன்னால் இங்கேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். மற்றவர்களும் கேட்கலாம். சக்கரத்தை வரிசையாகக் கைமாற்றிப் பாருங்கள்; இதழ் விளிம்பு கூர்மையானது, விரல் கவனம்.