குடியும் குடியும்



குடி என்னும் தமிழ்ச்சொல் பருகுதலையும் குறிக்கும். குடும்பத்தையும் அதன் கால்வழியையும் குறிக்கும். ஒலியால் ஒன்றாயினும் இவ்விரண்டும் ஒரு கூரையின்கீழ் வாழமாட்டா. முன்னது புகுந்தால் பின்னது சிதையும்.

சிதைவு ஒரே நாளில் நேர்வதன்று. முதலில் வீட்டார் மறைக்கின்றனர். மயங்கிக் கிடக்கும் கணவனுக்குக் காய்ச்சலென்று மனைவி பணியிடத்திற்குச் சொல்லியனுப்புகிறாள். மகன் பட்ட கடனைத் தாய் தன் காதணியை விற்று அடைக்கிறாள். மூத்த மகள் பள்ளியை விட்டுத் தம்பியை வளர்க்கிறாள். எல்லாம் மானத்தின் பெயரால்! ஆனால், அவனுக்காக அடைக்கப்படும் ஒவ்வொரு கடனும், சொல்லப்படும் ஒவ்வொரு பொய்யும் அடுத்த குவளைக்கே வழி திறக்கின்றன. மறைப்பது மானமன்று, மீட்பதே மானம்.

திருக்குறளின் அதிகார அடைவை நோக்குக! 93-ஆவது கள்ளுண்ணாமை, 95-ஆவது மருந்து, 96-ஆவது குடிமை, 97-ஆவது மானம். கள்ளால் கெட்டவன் மருந்தின் வழியே குடிமைக்கும் மானத்திற்கும் மீள்வதை இவ்வடைவு நினைவூட்டவில்லையா? நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வள்ளுவர் வகுத்தார். அந்நான்காம் உறுப்பே குடும்பம்.

கோயிலிற் கயிறு கட்டிவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணுவோர் பலர். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடுமென நிறுத்தினால் கைந்நடுக்கமும் வலிப்பும் அறிவுக்குழப்பமும் தோன்றலாம். உயிரே போகவும் கூடும். ஆதலின் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. தேறியவன் மீண்டும் வழுக்கி விழுவதும் உண்டு. அது நோயின் இயல்பு. கைவிடுதற்குரிய கரணியம் அன்று.

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி அரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் அந்நோயர்க்கென்றே ஒரு மருத்துவ அறக்கட்டளையை நிறுவினார். நோயரோடு குடும்பத்தாரையும் அமர்த்தி அறிவுறுத்துவது அங்குள்ள முறை. தம் இழப்பைப் பிறர் வீட்டு விளக்காக்கிய தமிழ்நாட்டுப் பெண்மணி அவர்.

ஆனால் அரசு செய்தது யாது? 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மீண்டும் அகன்றது. 1983-இல் அரசே வாணிகக் கழகம் அமைத்தது; 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே மேற்கொண்டது. கள்ளச்சாராயமும் ஒழியவில்லை. 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஒருபுறம் குடும்பத்தைக் கெடுக்கும் வருவாய். மறுபுறம் அக்குடும்பத்திற்கே இழப்பீடு! இது முறையா?

தாய்மார்களே! குடித்து அழிய ஒரு காசும் கொடாதீர்! அவனுக்காகப் பொய் உரையாதீர்! அடியைப் பொறுத்துக் கிடவாதீர். பிள்ளைகளோடு காப்பான இடம் சேர்க! வெறி தெளிந்த காலையில், சினமின்றி, மருத்துவமனைக்கு அழையுங்கள்! ஊரீரே! குடிக்குக் கணவனைப் பறிகொடுத்தவளைப் பழியாதீர். அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் துணை நில்லுங்கள்! மீண்டு வந்தவனை "குடிகாரன்" என்று அழையாதீர். அவனுக்கு வேலை கொடுங்கள்!

ஒரு குடி தாழ்ந்தால் தமிழ்க்குடி தாழும். குடியை ஒழிக! குடியைக் காக்க!